புரையேறி மயங்கிய குழந்தைக்கு மார்பை ஏன் அழுத்த வேண்டும்?

தொண்டையில் ஏதோ சிக்கி மூச்சுத் திணறும் குழந்தை நினைவோடு இருக்கும்வரை முதுகில் ஐந்து தட்டு தட்டுகிறோம். ஒரு வயதைத் தாண்டியிருந்தால் வயிற்றையும், கைக்குழந்தை என்றால் மார்பையும் ஐந்து முறை அழுத்துகிறோம். குழந்தை துவண்டு நினைவிழந்த நொடியில் முறை மாறுகிறது. உடனே தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, உதவிக்குக் குரல் கொடுத்து, மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். அடைப்பு தொண்டையில் இருக்க மார்பை அழுத்துவானேன்?

முதலில், குழந்தை ஏன் இவ்வளவு சீக்கிரம் மயங்குகிறது என்று பார்ப்போம். பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய் 4 அல்லது 5 மில்லிமீட்டர் அகலம்தான். அதன் உள்விட்டம் பாதியாகக் குறுகினால் காற்றுக்கு ஏற்படும் தடை 16 மடங்காகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் கைக்குழந்தைக்குப் பெரியவரைப்போல ஏறத்தாழ இரு மடங்கு ஆக்சிஜன் வேண்டும்; நுரையீரலில் இருப்போ குறைவு. இருப்பு தீர்ந்ததும் நினைவு தப்புகிறது. அதற்கும் உதவி கிடைக்காவிட்டால், நல்ல இதயமே துடிப்பு குறைந்து நின்றுவிடுகிறது.

மூச்சு நின்ற பிறகும் நுரையீரலுக்குள் கொஞ்சம் காற்று எஞ்சியிருக்கும். மார்பெலும்பை அழுத்தும்போது அந்தக் காற்று அடைப்பைக் கீழிருந்து மேலே நெட்டுகிறது. பிளாஸ்டிக் பாட்டிலைப் பிதுக்கினால் மேலே செருகிய அடைப்பான் தெறிப்பதைப்போல. ஹென்றி ஹைம்லிக் 1974இல் வெளியிட்ட வயிற்றை அழுத்தும் முறையும் இதே தத்துவம்தான். இறந்தவர்களின் உடல்களில் அளந்து பார்த்தபோது, வயிற்றைவிட மார்பை அழுத்துகையில்தான் மூச்சுப்பாதையில் அதிக அழுத்தம் உண்டானது. நினைவு தப்பியதும் தொண்டைத் தசைகளும் தளர்வதால், அதுவரை அசையாத பொருள் நெகிழ வாய்ப்பிருக்கிறது. அதே அழுத்தம் மூளைக்கு இரத்தத்தையும் அனுப்புகிறது. நாடி பார்த்து நேரத்தைக் கடத்த வேண்டாம்.

மார்பின் நடுவில், எலும்பின் கீழ்ப்பாதியில், உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அழுத்துங்கள். கைக்குழந்தை என்றால் இரு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து இரு கட்டை விரல்களால் அழுத்தலாம். ஆழம், மார்பின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு: கைக்குழந்தைக்குச் சுமார் 4 சென்டிமீட்டர், வளர்ந்த குழந்தைக்கு 5. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. பிஞ்சு உடம்பாயிற்றே என்று கை தயங்கும். தயங்காதீர்கள், மேலோட்டமாக அழுத்தினால் காற்றும் நகராது, இரத்தமும் நகராது.

30 அழுத்தம் முடிந்ததும் வாயைத் திறந்து பாருங்கள். பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் விரலால் எடுங்கள். தெரியாதபோது விரலை விட்டுத் துழாவவே கூடாது. பதற்றத்தில் எல்லோரும் செய்யத் துடிப்பது இதைத்தான். மேலே வந்துகொண்டிருக்கும் பொருளை இது மறுபடியும் உள்ளே திணித்துவிடும்.

பிறகு இரண்டு முறை வாயால் காற்று ஊதுங்கள், ஒவ்வொன்றும் ஒரு நொடி. கைக்குழந்தைக்குப் பின்தலை பெரியது என்பதால் படுக்க வைத்ததும் மோவாய் மார்பை நோக்கிச் சாய்ந்து மூச்சுப்பாதை மடங்கும். முகம் நேராக மேலே பார்க்கும்படி வைத்து, வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி ஊதுங்கள். வளர்ந்த குழந்தைக்குத் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். மார்பு எழும்பவில்லையா? தலையைச் சரிசெய்து இன்னொரு முறை ஊதிவிட்டு அழுத்தத்துக்குத் திரும்புங்கள். அடைப்பின் ஓரமாகச் சிறிதளவு காற்று நுழைந்தாலும் ஆக்சிஜன் பசியில் இருக்கும் இதயத்துக்கு அது பெரிய உதவி.

கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு அருகில் வைத்துக்கொண்டால் ஆம்புலன்ஸை அழைத்தபடியே இதையெல்லாம் செய்யலாம். தனியாக இருந்து, கைபேசியும் இல்லையென்றால், முதலில் 2 நிமிடம் முதலுதவி. அதன்பின் உதவி தேடுங்கள்.

பொருள் வெளியே வந்து குழந்தை சீராக மூச்சு விட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். அழுது சிரித்து விளையாடத் தொடங்கினாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். நுரையீரலுக்குள் நழுவிய ஒரு துணுக்கு நாள்கள் கழித்து இருமலாகவும் காய்ச்சலாகவும் வெளிப்படலாம்; வயிற்றை அழுத்தியிருந்தால் உள்ளுறுப்புகளில் காயம் இருக்கிறதா என்பதையும் அவர் பார்ப்பார்.