லேயில் இறங்கியதும் வரும் தலைவலி

ராணுவ மருத்துவப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் லடாக்கில் நான் அதிகம் கேட்ட பொய் ஒன்றுதான்: "ஒண்ணுமில்லை சார், நல்லா இருக்கேன்."

ராமநாதபுரத்துப் பையன் சண்டிகரில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் லே. 11,500 அடி உயரம். அன்று ராத்திரியே தலை வலிக்கும், சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது. கூட இருப்பவர்கள் முன்னால் சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வான். மூன்றாம் நாள் உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் இந்த நோயை நாங்கள் 'ஹேப்' என்போம். உடனே ஆக்சிஜன் கொடுத்துக் கீழே இறக்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வான். ஒரு நாள் மறைத்தால் சொல்ல முடியாது.

1962 சீனப் போரில் வீரர்களை அவசர அவசரமாக மலையேற்றியபோதுதான் இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று தெரிந்தது. ராணுவ மருத்துவர் இந்தர் சிங் குழுவினர் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரையை உலகமே படித்தது. உடம்பை உயரத்துக்குப் பழக்க இன்று ராணுவத்தில் உள்ள அட்டவணை அப்படிப் பட்டுத் தெரிந்துகொண்டது: 9,000 முதல் 12,000 அடிவரை 6 நாள், அதற்கு மேல் 15,000 அடிவரை 4 நாள், அதையும் தாண்டினால் இன்னொரு 4 நாள். முதல் இரண்டு நாள் ஓய்வுதான். ஓட்டம் கிடையாது, சுமை கிடையாது. லீவில் ஒரு மாதத்துக்கு மேல் ஊரில் இருந்துவிட்டு வந்தால் மறுபடி முதலிலிருந்து. "நான் பழைய ஆள்தானே சார்" என்று கேட்பவர்களுக்காகத்தான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறேன். ஊரில் இருந்த நாட்களில் உடம்பு மலையை மறந்திருக்கும்.

சியாச்சினில் 1984 முதல் நம் வீரர்கள் நிற்கிறார்கள். குண்டைவிடக் குளிரும் உயரமும் பனிச்சரிவும்தான் அங்கே அதிக உயிர் குடித்தவை. 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்து துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தது, சாவு ஓயவில்லை. 2016 பிப்ரவரியில் சோனம் முகாமில் பனிச்சரிவு 10 பேரைக் கொண்டுபோனது. பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமெண்ட். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

பனிச்சரிவு செய்தியில் வரும். புகாரி வராது. புகாரி என்பது கூடாரத்துக்குள் மண்ணெண்ணெயில் எரியும் கணப்பு. ஒருநாள் காலை மேலே ஒரு போஸ்டிலிருந்து வயர்லெஸ்ஸில் சேதி: நாலு பேருக்கும் தலைவலி, வாந்தி, மலைநோய் போலிருக்கிறது, விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 93 காட்டுகிறது, பயமில்லை. எனக்கு அந்த 93தான் உதைத்தது. அந்த உயரத்தில் எண்பதுகளில் இருக்க வேண்டிய எண் அது. "நாலு பேருக்கும் ஒரே நேரத்துலயா வந்துச்சு? வெளியே போனா குறையுதா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். "புகைக்குழாயை ஏறிப் பாருங்க தம்பி" என்றேன். ராத்திரி பெய்த பனி குழாய் வாயை அடைத்திருந்தது. புகை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், கண் எரியும், இருமல் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அது ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிமீட்டருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, நல்ல எண்ணாகவே காட்டும். நாலு பேரும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு தூங்கும்முன் புகாரியை அணைப்பதையும், காலையில் முதல் வேலையாகக் குழாயைப் பார்ப்பதையும் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அதே புகாரிதான் பனிக்கடி பட்ட, அதாவது குளிரில் உறைந்துபோன, விரலுக்கும் எமன். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். தேய்க்கவும் கூடாது. 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைக்க வேண்டும், அதுவும் மறுபடி உறையாது என்று உறுதியான இடத்தில்தான். வியர்வையில் நனைந்த காலுறையை உடனே மாற்றுவதே பாதி வைத்தியம்.

அப்புறம் வீட்டில் இருப்பவர்களுக்கு. அங்கிருந்து போன் வந்தால் "நல்லா இருக்கியாப்பா" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு என்ன பதில் வரும் என்று மேலேயே சொல்லிவிட்டேன். மேலே போய் எத்தனை நாள் ஆச்சு, வறட்டு இருமல் இருக்கா, படுத்தா மூச்சு வாங்குதா, புகாரியை அணைச்சிட்டுத்தானே தூங்குற என்று கேளுங்கள். முதல் மூன்றில் எதற்காவது பதில் இழுத்தால், "இப்பவே போய் டாக்டரைப் பாரு, பார்த்துட்டு எனக்குத் திரும்பப் பேசு" என்று சொல்லுங்கள். அம்மா சொன்னாங்க என்று நடுராத்திரியில் என் கதவைத் தட்டிய பையன்கள் உண்டு.