ஸாம்பி கத்தி: தமிழில் என்ன சொல்லலாம்?

பிரிட்டனில் கத்திக்குத்து பற்றிய செய்திகளில் அடிக்கடி தட்டுப்படும் பெயர் ‘ஸாம்பி கத்தி’. ஏதோ விளையாட்டுச் சாமான் போலத்தான் காதில் விழும். பாதி உண்மை. பேய்ப்படங்களில் செத்தவர்கள் கூட்டமாக எழுந்து துரத்துவார்களே, அந்த ஸாம்பிகளை வெட்டிச் சாய்க்கும் கற்பனையைக் காட்டி விற்ற சரக்கு இது. ஒரு பக்கம் கூர், மறுபக்கம் ரம்பப் பல், அலகின்மேல் ‘ஸாம்பி கில்லர்’ என்ற எழுத்து. பெயர் சட்டப் புத்தகத்தில் பிறந்ததல்ல, விற்றவர்கள் வைத்தது.

ஸாம்பி என்ற சொல்லின் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. காங்கோ பகுதி மொழியில் ‘ன்ஸாம்பி’ என்றால் கடவுள். அங்கிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களோடு அது கரீபியத் தீவுகளுக்குப் போனது என்பார்கள். அங்கேயுள்ள ஹெயிட்டி நாட்டுக் கதைகளில் ஸாம்பி யாரையும் கடிக்காது. மந்திரவாதி ஏவிய வேலையைத் தன்னினைவில்லாமல் செய்துகொண்டிருக்கும் பிணம், அவ்வளவுதான். செத்த பிறகும் கரும்புத் தோட்டத்தில் உழைப்பு! மனிதரைத் தின்னும் பசியைக் கொடுத்தது பின்னால் வந்த அமெரிக்க சினிமா.

சட்டம் இந்தப் பெயரை எடுத்துக்கொண்ட விதம்தான் வேடிக்கை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2016 ஆகஸ்டில் இதன் விற்பனைக்குத் தடை வந்தது. கூர், ரம்பப் பல், இரண்டோடு வன்முறையைத் தூண்டும் எழுத்தோ படமோ இருந்தால்தான் அது ஸாம்பி கத்தி. அப்படியானால் எழுத்தை எடுத்துவிட்டால்? எடுத்துவிட்டுத்தான் விற்றார்கள். அந்த ஓட்டையை அடைக்க 2024 செப்டம்பர் 24 வரை ஆயிற்று. புதிய வரையறையில் எழுத்து தேவையில்லை: 8 அங்குலத்துக்கு மேல் அலகு, கூரான ஓரம், கூரான முனை, அதோடு ரம்பப் பல்லோ முள்ளோ ஒன்றுக்கு மேற்பட்ட துளையோ இருந்தால் போதும்.

மக்கள் இதை ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் பலர், இன்னும் கடுமை வேண்டும் என்றார்கள். கத்தியைக் கையோடு கொண்டு திரிய எந்தக் காரணமும் இல்லை என்று 2018இல் லண்டன் மேயர் சாதிக் கான் ட்வீட் போட்டபோது, சமையல்காரரும் தச்சரும் என்ன செய்வார்கள் என்று கிண்டல் குவிந்தது. கத்திக் கொலைகளில் அதிகம் அகப்படுவது சமையல் கத்திதான் என்பதால், நடிகர் இட்ரிஸ் எல்பா 2025இல் முனை மழுங்கிய சமையல் கத்திகளைப் பற்றிப் பேசினார். அதற்கும் கிண்டல்தான்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘நடைபிணக் கத்தி’ என்றால் சொல்லுக்குச் சொல் பொருந்தும். ஆனால் நம்மூரில் நடைபிணம் என்றால் பயம் வராது, பரிதாபம்தான் வரும். ‘பேய்க்கத்தி’யும் சரிப்படாது, பேய்மழை, பேய்க்காற்று போல அளவுக்கு மீறியது என்ற பொருள் வந்துவிடும், விற்றவர்களுக்குப் பிடித்த தொனி. எனக்குப் பிடித்தது ‘கருக்குக்கத்தி’. பனைமட்டை ஓரத்தின் பல்லுக்கும் அறுப்பு அரிவாளின் பல்லுக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் கருக்கு. பல் இல்லாமல் துளையோ முள்ளோ மட்டும் உள்ள கத்தி இதற்குள் அடங்காது என்பது குறைதான். முதல் தடவை ‘ஸாம்பி கத்தி’ என்று எழுதிவிட்டு, அப்புறம் கருக்குக்கத்தி என்று தொடரலாம். 2025 ஆகஸ்டில் தடையான நிஞ்சா வாளுக்கு மட்டும் இதைப் போட்டுவிடாதீர்கள். அதன் அலகு நேரானது, கருக்கே கிடையாது.