கை கழுவின பக்கத்துல தான் கூட இருக்கு, யக்கா

நாகர்கோவில்ல ஒரு லேப்ல மைக்ரோபயாலஜிஸ்ட்டா இருக்கேன். யூரின் கல்ச்சர், சீழ் கல்ச்சர், கிணத்துத் தண்ணி டெஸ்ட், தெனமும் இதுதான் பொழப்பு. இதுக்கு நடுவுல, பி.எஸ்சி., எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி படிக்கிற பிள்ளைங்க பக்கத்து நடுநிலைப் பள்ளிகளுக்குப் போய் ஆறு, ஏழு, எட்டு படிக்கிறவங்களோட உக்காந்து கிருமிப் பாடம் பண்ணுறப்ப நானும் கூடப் போவேன், அகார் (கிருமி வளர விடுற ஜெல்லி மாதிரி ஒண்ணு) ஊத்தின ப்ளேட் கொண்டு குடுக்குறது, முடிஞ்சதும் எல்லாத்தையும் எண்ணி வாங்கிட்டு வந்து அழிக்கிறது, ரெண்டும் என் பொறுப்பு. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல உள்ள ஸ்கூல், குளச்சல் பக்கம் கடலோர ஸ்கூல்னு கொஞ்சம் பாத்தாச்சு. எங்க காலேஜ்லயும் இத ஆரம்பிக்கலாமான்னு இப்ப நெறைய பேர் கேக்குறாங்க, அதான் பாத்தத எழுதிப் போடலாம்னு.

எல்லாரும் மொதல்ல செய்யுறது கை ப்ளேட் தான். ப்ளேட்டுக்கு அடியில மார்க்கர்ல நடுவுல ஒரு கோடு போட்டு, ஒரு பாதில கழுவாத விரல், இன்னொரு பாதில சோப்பு போட்டு கழுவின விரல், மூடி டேப் ஒட்டி ரெண்டு நாள் வச்சிட்டு பாக்கணும். கழுவாத பக்கம் நெறைய வரும், கழுவின பக்கம் காலியா இருக்கும், பாத்தீங்களா பிள்ளைங்களா அதனால கை கழுவுங்கன்னு சொல்லி கை தட்டி முடிச்சிரலாம். பேப்பர்ல பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா நெசத்துல நெறைய ப்ளேட்ல கழுவின பக்கம் தான் கூட வரும். ஒரு ஸ்கூல்ல மென்டரா, அதாவது பாடம் பண்ண காலேஜ்ல இருந்து, வந்த பொண்ணு மூடிய பாத்ததும் மொகம் வெளிறிப் போய் அந்த ப்ளேட்ட மெதுவா ட்ரேக்கு அடியில தள்ளிட்டு "நல்லா வந்த" ப்ளேட்ட மட்டும் எடுத்துக் காட்டுச்சு. ஏழாம் கிளாஸ் பொடியன் ஒருத்தன் குனிஞ்சு பாத்துட்டு, யக்கா, அதுல கை கழுவின பக்கத்துல தான் கூட இருக்குன்னுட்டான். கிளாஸே சிரிச்சிருச்சு.

அந்த ப்ளேட் தப்பு ஒண்ணும் இல்ல. நம்ம தோல்ல ரெண்டு வகை ஆளுங்க இருக்காங்க, நிரந்தரமா குடியிருக்குறவங்க ஒரு கூட்டம், தொட்ட எடத்துல இருந்து ஒட்டிக்கிட்டு வந்தவங்க இன்னொரு கூட்டம். 1938ல பிரைஸ்னு ஒரு அமெரிக்க டாக்டர் இப்பிடி பிரிச்சுச் சொன்னார், ஆபரேஷனுக்கு முன்னால கை கழுவுறத பத்தி ஆராய்ஞ்சவர். குடியிருக்குற கூட்டம், பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் வகையறா பேக்டீரியா, தோல் மடிப்புக்குள்ள, முடி வேருக்குள்ள கெடக்கும். சோப்பு போட்டு தேய்க்கும்போது செதில் உதிரும், உள்ள இருந்தது மேல வரும், அதோட ஈரக்கையா இருந்தா அகார்ல இன்னும் சுலபமா எறங்கிரும். கழுவிட்டு யூனிஃபார்ம்லயே தொடச்சிருந்தா துணில இருந்ததும் சேர்ந்துக்கும், பிள்ளைங்க வேற எங்க தொடைக்கும்? சாதா நியூட்ரியன்ட் அகார்ல எல்லாம் வளரும், யாரு நல்லவன் யாரு வயித்தால போக வைக்கிறவன்னு அது பிரிச்சுக் காட்டாது, எத்தன பேர் வந்தாங்கன்னு மட்டும் தான் காட்டும். கக்கூஸ்ல இருந்து, கோழிக்கூட்டுல இருந்து, மீன் வெட்டினதுல இருந்து வந்து ஒட்டினத சோப்பு கழுவிருச்சு, அது நடந்திருக்கு, ஆனா இந்த ப்ளேட்டுக்கு அதச் சொல்லத் தெரியாது.

இத அந்த எடத்துலயே சொல்லிட்டு, சரி அப்ப இத எப்பிடி செக் பண்ணலாம்னு பிள்ளைங்ககிட்டயே கேட்டா கிளாஸ் அங்க தான் ஆரம்பிக்கும். கேட்டோம். கழுவிட்டு காய வச்சிட்டு தொடலாம்னு ஒருத்தி, சோப்பு இல்லாம வெறும் வெள்ளத்துல கழுவிப் பாக்கலாம்னு ஒருத்தன், ஒரே ஆள் மட்டும் தொட்டா பத்தாது எல்லாரும் தொடணும்னு இன்னொருத்தி. கடைசி பெஞ்சுல இருந்து ஒரு குரல், ஒண்ணுமே தொடாம சும்மா மூடி வைச்ச ப்ளேட்ல எதும் வந்திருந்தா? அதுக்குப் பேரு கன்ட்ரோல், எம்.எஸ்சி. பிராஜெக்ட்லயே சில பேர் வைக்க மறக்குறது. அதுல ஒரு காலனி (கிருமி பெருகி கண்ணுக்குத் தெரியுற புள்ளி) வந்திருந்தாலும் அன்னிக்கு ஊத்தின ப்ளேட் எதையும் நம்ப முடியாது, திரும்ப மொதல்ல இருந்து வரணும். கிருமி பேரு மனப்பாடம் பண்ண வைக்கிறத விட, எதிர்பாக்காதது வந்தா அத ஒளிச்சு வைக்காம பாக்குறதுக்கு இந்த வயசுல பழகினா போதும்னு தான் நான் நெனைக்கிறேன். லேப்லயும் தப்பான ரிப்போர்ட் போறது பல நேரம் இப்பிடித்தான், வந்தத விட வரணும்னு நெனச்சத எழுதுறதுனால.

சரி, இதுக்கு காலேஜ் பிள்ளைங்க எதுக்கு, டீச்சரே பண்ணலாமேன்னு கேக்கலாம். எட்டாம் கிளாஸ் அறிவியல் புக்குல நுண்ணுயிரிகள் பாடம் இருக்கு, டீச்சர்ங்க நடத்தத்தான் செய்யுறாங்க. ஆனா டீச்சர்கிட்ட கேக்காத கேள்விய அக்கா அண்ணன்கிட்ட கேப்பாங்க. எங்க வாப்பாக்கு கால்ல புண்ணு ஆற மாட்டேங்குதே அது எந்தக் கிருமி, எலிக்காய்ச்சல் எலி கடிச்சா தான் வருமா, இதெல்லாம் டீச்சர்கிட்ட வராது. (எலி கடிக்க வேண்டாம், எலி மூத்திரம் கலந்த தண்ணியில புண்ணுள்ள கால வச்சாலே போதும். மழைக்கு அப்புறம் வயல்ல எறங்குற வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியணும்.)

இன்னொண்ணு, மென்டருக்கும் இதுல லாபம் உண்டு, அவங்க அதுவர மனப்பாடம் பண்ணினது ஒடையும். ஆட்டோகிளேவ் (ஆவியால கிருமிய கொல்லுற லேப் மெஷின்) 121 டிகிரி, 15 பவுண்டு பிரஷர், 15 நிமிஷம்னு வாய்மொழித் தேர்வுல தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாங்க. ஏன் 121, 100ல கொதிச்சா சாகாதான்னு ஆறாம் கிளாஸ் பிள்ள கேட்டதும் மென்டர் பையன் ஒருத்தன் என்னத் திரும்பிப் பாத்தான். சாதாரணமா உள்ள பேக்டீரியா கொதிக்கிற தண்ணில செத்துரும், பேசில்லஸ், க்ளாஸ்ட்ரிடியம் மாதிரி சிலது வித்து மாதிரி ஒண்ண உண்டாக்கி வச்சிருக்கும், அது 100 டிகிரிய தாங்கும், அத கொல்ல தான் பிரஷர் ஏத்தி ஆவியோட சூட்ட 121க்கு கொண்டு போறோம். அப்ப எங்க வீட்டு குக்கரும் அதுதானான்னு அடுத்த கேள்வி. கிட்டத்தட்ட அதேதான், பிரஷர் ஏறக்குறைய அவ்வளவு வரும், அகார் மீடியாவ (கிருமி வளக்குற கலவைய) குக்கர்ல வச்சே எடுக்குறவங்க இருக்காங்க.

அகார்னா என்னன்னு சொல்ல குளச்சல் பக்கம் கஷ்டமே இல்ல. கடல்பாசி தான், நோம்புக்கு எங்க உம்மா தேங்காப்பால் ஊத்தி செய்வாவன்னு ஒரு பிள்ள எந்திரிச்சு சொல்லிச்சு. லேப்புக்கு அது வந்த வழியும் அடுக்களை வழி தான். ஜெர்மனில கிருமி ஆராய்ச்சில பேர் போன ராபர்ட் காஹ் லேப்ல வேல பாத்த ஹெஸ்ஸேங்குற டாக்டருக்கு ஜெலட்டின் போட்ட மீடியா வெயிலுக்கு உருகி ஓடிட்டே இருந்துச்சு, அவரு வீட்டுக்காரி ஃபேனி ஹெஸ்ஸே தான் 1881 வாக்குல, ஜாவால இருந்து வந்தவங்ககிட்ட கத்துக்கிட்ட கடல்பாசிய போட்டுப் பாருங்கன்னு சொன்னாங்க. ஜெலட்டின் 37 டிகிரில தண்ணியாயிரும், கடல்பாசி 85 வரைக்கும் எளகாது, ஆறினாலும் 40க்கு கீழ வந்தா தான் ஒறையும். மூடி போட்ட தட்டு பெட்ரி பேர்ல வந்தது அதுக்கு அப்புறம், 1887ல.

நம்ம ஊரு பிள்ளைங்களுக்கு இது அன்னிய பாடம் இல்லங்குறத மென்டர்ங்க தான் மொதல்ல புரிஞ்சுக்கணும். பனையேறி குடும்பத்துப் பையன் ஒருத்தன் கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவாட்டி அக்கானி (பதநீர்) கள்ளாயிரும்னு சொன்னான், ஏன்னு அவனுக்குத் தெரியல, ஆனா எவ்வளவு தடவணும்னு அவன் தாத்தாக்குத் தெரியும். சுண்ணாம்பு காரம், பிஹெச் (அமிலமா காரமான்னு காட்டுற அளவு) ஏறினா ஈஸ்ட்டும் சைமோமோனாஸ் மாதிரி பேக்டீரியாவும் சர்க்கரைய சாராயமா மாத்த முடியாம அடங்கிரும். ரப்பர் வெட்டுற வீட்டுப் பிள்ளைக்கு, பாலு எடுக்க லேட்டானா தானா ஒறைஞ்சு நாறும்னு தெரியும், அதுவும் பேக்டீரியா உண்டாக்குற ஆசிட் வேலதான், டேங்கர்ல போற ரப்பர் பாலுக்கு அமோனியா ஊத்துறது இதுக்கு தான். காலேஜ்ல லேக்டோபேசில்லஸ் ஸ்லைடு பாத்தவங்க இத எழுதிட்டுப் போனாங்க, எனக்கு சந்தோஷமா இருந்துச்சு.

ஒரு சின்ன வெசயம். காயிதத்துல மடிக்கிற மைக்ரோஸ்கோப், ஃபோல்ட்ஸ்கோப்னு பேரு, கொண்டு போறாங்க, மனு பிரகாஷும் அவரு டீமும் ஸ்டான்ஃபோர்டுல செஞ்சது, நல்ல சாமான், நானே வாங்கி வச்சிருக்கேன். ஆனா 140 மடங்கு தான் பெருசாக்கும், அதுல பேக்டீரியா பாக்கலாம்னு சொல்லி பிள்ளைங்கள ஏமாத்தாதீங்க, கொளத்துத் தண்ணில நீந்துறத காட்டுங்க, அதுலயே மணி போயிரும்.

இனி கிணறு. இந்த மாவட்டத்துல வீட்டுக்கு வீடு கெணறு, அஞ்சு பத்து சென்ட்ல வீடு, அதுக்குள்ளயே செப்டிக் டேங்க், பக்கத்து வீட்டுக்காரன் டேங்க் நம்ம மதிலுக்கு அந்தப் பக்கம். கெணத்துக்கும் டேங்குக்கும் நடுவுல கொறைஞ்சது 15 மீட்டர், அதாவது 50 அடி வேணும்னு பொதுசுகாதார புக்குல இருக்கு, எத்தன வீட்டுல இருக்கும்? பிள்ளைங்கள நாடா எடுத்து அளந்துட்டு வரச் சொன்னோம், அதுவே ஒரு பாடம். அப்புறம் ஹெச்2எஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு) பாட்டில். 1982ல நம்ம நாட்டு ஆராய்ச்சியாளர்ங்க மஞ்சா, மௌர்யா, ராவ் மூணு பேரும் சேர்ந்து கொண்டு வந்த டெஸ்ட், குறி வரைக்கும் தண்ணி ஊத்தி மூடி வச்சா ஒண்ணு ரெண்டு நாள்ல கறுத்துச்சுன்னா மலக்கிருமி கலந்திருக்கலாம்னு அர்த்தம். கலந்திருக்கலாம், அவ்வளவுதான், மண்ணுல கந்தகம் இருந்தாலும் கறுக்கலாம், கறுக்காட்டி வைரஸ் இல்லன்னும் சொல்ல முடியாது, மஞ்சக்காமாலை பரப்புற ஹெபடைடிஸ் ஏ இதுல தெரியாது. கறுத்தா லேப்ல ஒழுங்கா டெஸ்ட் குடுக்கணும்.

இங்க மென்டர்ங்களுக்கு ஒரு கட்டாயம் சொல்லுவேன், பாட்டில்ல பிள்ளையோட பேரு எழுதாதீங்க, நம்பர் போடுங்க. யாரு வீட்டுக் கெணறு கறுத்துச்சுன்னு கிளாஸ் முழுக்கத் தெரிஞ்சா அந்தப் பிள்ளைய அடுத்த வருஷம் வரைக்கும் பட்டப்பேரு வச்சு கூப்பிடுவானுவ. ரிசல்ட்ட தனியா வீட்டுக்குச் சொல்லுங்க, கூடவே என்ன செய்யணும்னும் சொல்லுங்க, வெறும் பயத்த மட்டும் அனுப்பி வைக்கக் கூடாது.

என்ன செய்யணும்? குளோரின் போடணும், அதுக்கு கணக்கு எட்டாம் கிளாஸ் கணக்கு தான். விட்டத்த விட்டத்தாலேயே பெருக்கி, தண்ணி ஆழத்தாலயும் 3.14ஆலயும் பெருக்கி, நாலால வகுத்தா கன மீட்டர். 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் தண்ணின்னா 9.42, அதாவது 9420 லிட்டர். நல்ல பிளீச்சிங் பவுடர் 1000 லிட்டருக்கு 2.5 கிராம், அப்ப 24 கிராம் கிட்ட வரும், தண்ணி கலங்கலா இருந்தா இன்னும் கூட வேணும். பக்கெட்டுல கரைச்சு பத்து நிமிஷம் வச்சு, அடில தங்குன சுண்ணாம்ப விட்டுட்டு தெளிஞ்சத மட்டும் கெணத்துல எறக்கி கலக்கணும், ஒரு மணி நேரம் கழிச்சு தான் கோரணும், ராத்திரில போட்டா சௌகரியம். மாசக்கணக்கா திறந்து கெடந்த பவுடர்ல குளோரின் போயிருக்கும், அது போட்டும் ஒண்ணும் இல்ல. இத பிள்ள போய் வீட்டுல சொன்னா அப்பா சிரிப்பாரு, கணக்கு நோட்ட காட்டினா கொஞ்சம் யோசிப்பாரு, பொடிய பெரியவங்க தான் போடணும்.

அப்புறம் சீரகவெள்ளம், சீரகம் போட்டு கொதிக்க வைக்கிற குடிதண்ணி. நல்லா கொதிக்க வச்சு எறக்கிட்டு, சூடு கூடப்போச்சுன்னு ஒரு செம்பு பச்சத்தண்ணிய அதுல ஊத்தி வெளாவி குடுக்குறது, வீட்டுலயும் ஓட்டல்லயும் கல்யாண வீட்டுலயும் நடக்குது. கொதிக்க வச்சதுக்கே அர்த்தம் இல்லாம போயிருது. ஒரே கெணத்துத் தண்ணிய கொதிக்க வச்சு ஆறவிட்டு ஒரு பாட்டில், பச்சத்தண்ணி கலந்து ஒரு பாட்டில்னு வச்சா பிள்ளைங்களே பாத்துக்குவாங்க.

பாதுகாப்பு வெசயத்துல மட்டும் நான் கொஞ்சம் முறைப்பு தான். ப்ளேட்ட ஒரு தடவ டேப் ஒட்டினா ஸ்கூல்ல யாரும் தொறக்கக் கூடாது, மூடிக்கு மேலயே எண்ணலாம், வரையலாம். ரூம் சூட்டுல வைங்க, 37ல வைக்காதீங்க, அது நம்ம ஒடம்பு சூடு, நம்ம ஒடம்புல நோய் உண்டாக்குறது அதுல தான் நல்லா வளரும். மூக்கு, தொண்டை, புண்ணு, கக்கூஸ், இதுல இருந்து சாம்பிள் வேண்டவே வேண்டாம். வந்த காலனிய எடுத்து வேற ப்ளேட்ல வளக்குறதும், ஆன்டிபயாட்டிக் டிஸ்க் (மருந்து ஊறின சின்ன வட்டக் காயிதம்) வச்சு காட்டுறதும் காலேஜ் லேப்போட நிக்கட்டும், என்ன கிருமின்னே தெரியாதத பெருக்கி பிள்ளைங்க கைல குடுக்குற வேல அது. கறுத்த பாட்டில ஸ்கூல் சிங்க்ல ஊத்தாதீங்க. எல்லா கிளாஸ்லயும் ஒரு பிள்ளையாவது எங்க அம்மைக்கு காட்டணும், என் ப்ளேட்ட வீட்டுக்கு கொண்டு போகட்டான்னு கேக்கும். போட்டோ எடுத்து பிரின்ட் போட்டு குடுங்க, ப்ளேட் எண்ணிக்கை கொறையாம என்கிட்ட வந்து சேரணும்.