மலக்குழிக்குள் ஆளை இறக்குவது குற்றம்: 2013 சட்டம் தரும் உரிமைகள்

இந்தியாவில் கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் சட்டம் 1993இலேயே இயற்றப்பட்டது. ஆனால் அதன் பார்வை, மலத்தைக் கையால் அள்ளி அகற்ற வேண்டிய எடுப்புக் கக்கூஸோடு நின்றுவிட்டது. பாதாளச் சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் இறங்குபவர்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை. இக்குறையைப் போக்கும் நோக்கில் கொண்டுவரப்பட்ட 'கையால் மலம் அள்ளும் பணியாளர் நியமனத் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம்' 2013 டிசம்பர் 6 முதல் நடைமுறையில் உள்ளது.

சுகாதாரமற்ற கழிப்பறை, திறந்த வடிகால், குழி, இருப்புப்பாதை ஆகியவற்றில் முழுமையாக மட்காத மனித மலத்தைக் கையால் அகற்றவோ சுமக்கவோ அமர்த்தப்பட்டவரையே இச்சட்டம் 'கையால் மலம் அள்ளுபவர்' என்கிறது. அரசு அறிவித்த கருவிகளோடும் பாதுகாப்பு உடைகளோடும் அதே வேலையைச் செய்பவர் இந்த வரையறைக்குள் வரமாட்டார். ஒரு சோடிக் கையுறையைக் காட்டி உரிமையை மறுக்க இவ்விலக்கு இடம் தருகிறது என்பது என் கருத்து.

நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்புகளில் கையால் மலம் அள்ளுபவர்களாக அடையாளம் காணப்பட்டோர் 58,098 பேர். அடையாளம் காணப்பட்டவருக்குப் புகைப்பட அடையாள அட்டை, ஒருமுறை ரொக்க உதவி, குழந்தைகளுக்குக் கல்வி உதவித்தொகை, தகுதிக்கேற்ப வீட்டுமனையும் வீடு கட்ட நிதியும், மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாத ஊக்கத்தொகையுடன் தொழிற்பயிற்சி, மானியத்துடன் கூடிய கடன் ஆகியவற்றை 13ஆம் பிரிவு உறுதி செய்கிறது. ரொக்க உதவி 40,000 ரூபாயாக வழங்கப்பட்டு வந்தது. கணக்கெடுப்பில் பெயர் விடுபட்டவர் அடுத்த கணக்கெடுப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நகர்ப்புறத்தில் வேலை செய்பவர் எப்போது வேண்டுமானாலும் நகராட்சி அல்லது மாநகராட்சியின் தலைமை அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் விசாரணைக்கு ஏற்பாடு செய்தாக வேண்டும். சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது.

சாக்கடையில் இறங்குபவரின் நிலை வேறு. பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கை ஏற்பாடுகளும் இன்றி ஒருவரைச் சாக்கடைக் குழாயையோ கழிவுநீர்த் தொட்டியையோ கையால் சுத்தம் செய்ய அமர்த்துவது, 7ஆம் பிரிவின்படி 'அபாயகரமான சுத்திகரிப்பு' எனப்படும் குற்றமாகும். உள்ளாட்சி அமைப்பு, ஒப்பந்ததாரர் ஆகியோரோடு, தன் வீட்டுத் தொட்டி நிறைந்துவிட்டதென்று தெருவில் கிடைத்த ஆளைக் கூப்பிட்டு இறக்கும் வீட்டுக்காரரும் இதற்கு உட்பட்டவரே. இதைப் பலர் அறிவதில்லை. முதல் முறை 2 ஆண்டுவரை சிறை, 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் ரூபாய்வரை உயரும். பிணையில் விட முடியாத குற்றம் இது. இறக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து, செய்விக்கப்பட்டது கையால் மலம் அள்ளும் வேலையாக இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தமும் பொருந்தும். இத்தொழிலில் தள்ளப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள் என்பதால், தொழில் பாதுகாப்பை மட்டும் பேசும் சட்டம் இங்கே போதாது.

இழப்பீட்டைப் பொறுத்தவரை நீதிமன்றங்களே வழி காட்டின. 1993 முதல் சாக்கடைப் பணியில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று உத்தரவிட்டது. அவசர நிலையிலும்கூடப் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது குற்றமாகக் கருதப்பட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. 2023 அக்டோபர் 20 அன்று வந்த தீர்ப்பு இத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம், பிற ஊனங்களுக்குக் குறைந்தது 10 லட்சம் என வகுத்தது. சாக்கடைத் தொழிலாளர்களுக்கும் மறுவாழ்வு, இறந்தவரின் நெருங்கிய உறவினருக்கு வேலை, பிள்ளைகளுக்குக் கல்வி ஆகியவற்றையும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது. ஆகவே, இறந்தவர் 'கையால் மலம் அள்ளுபவர்' பட்டியலில் இல்லை என்பது இழப்பீட்டை மறுக்கக் காரணமாகாது.

புகாருக்குக் காலவரம்பு உண்டு என்பதைக் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும். குற்றம் நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார் அளிக்கப்பட்டால்தான் இச்சட்டத்தின் கீழ் நீதிமன்றம் வழக்கை ஏற்கும். துக்கத்திலும், ஒப்பந்ததாரர் கொடுக்கும் சிறு தொகைக்குச் சம்மதிக்கச் சொல்லும் நெருக்கடியிலும் அந்த மாதங்கள் வேகமாகக் கழிந்துவிடுகின்றன. தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டிய வீட்டுக்காரர், ஆளைத் தேடுவதை விட்டு, 14420 என்ற உதவி எண்ணில் கழிவுநீர் உறிஞ்சு வாகனத்தைக் கேட்கலாம்.