புளோரிடா சூறாவளி: உங்கள் வீட்டின் எழுத்து என்ன?

தம்பா, ஆர்லாண்டோ பக்கம் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் முதல் சூறாவளியின்போது தொலைக்காட்சியில் "கேட்டகரி 3", "கேட்டகரி 4" என்று ஓடும் எண்ணைப் பார்த்துத்தான் கிளம்புவதா, இருப்பதா என்று முடிவு செய்கின்றன. நாங்களும் அப்படித்தான் செய்தோம். அந்த எண் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்கிறது. வெளியேறச் சொல்லும் உத்தரவோ பெரும்பாலும் தண்ணீரைப் பார்த்துப் போடப்படுகிறது. சூறாவளி தள்ளிக்கொண்டு வரும் கடல்நீர் எந்தத் தெரு வரை ஏறும் என்று கணக்கிட்டு, கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) நிர்வாகங்கள் நிலத்தை ஏ, பி, சி என்று வெளியேற்ற மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஏ மண்டலத்துக்குத்தான் முதல் உத்தரவு வரும். மாநில அவசரகால மேலாண்மைத் துறையின் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்தால் உங்கள் எழுத்து தெரிந்துவிடும். ஜூன் 1-ல் பருவம் தொடங்கும் முன்பே அதைப் பார்த்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. வீடு வாங்கும்போது பத்திரக் கட்டில் "வெள்ள மண்டலம் ஏஇ", "எக்ஸ்" என்று ஒன்று வருமே, அது வேறு. அது காப்பீட்டுக்கும் கடனுக்குமான வரைபடம். "நம்முடையது எக்ஸ், வெள்ளமே வராது" என்று சொல்லிக்கொண்டு வெளியேற்ற உத்தரவை ஒதுக்கிவிடக் கூடாது.

சூறாவளியின் மையம் எங்கோ போகிறது என்றும் அசந்துவிட முடியாது. 2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் சூறாவளி கரையேறியது பெர்ரி என்ற ஊருக்கு அருகில். தம்பா விரிகுடாவிலிருந்து அது 100 மைலுக்கும் மேல் வடக்கே இருக்கிறது. ஆனாலும் தம்பா விரிகுடாவை ஒட்டிய பினெல்லஸ் கவுண்டியின் கடலோர வீடுகளுக்குள் கடல் புகுந்தது; உயிர்களும் போயின. ஏ மண்டலத்துக்கு முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்தும் பலர் வீட்டிலேயே இருந்தார்கள். வானிலை வரைபடத்தில் வரும் கூம்பு வடிவம் மையம் போகக்கூடிய பாதையை மட்டுமே காட்டுகிறது. கூம்புக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஆபத்து இல்லை என்று அது சொல்லவில்லை.

உத்தரவை மீறினால் என்ன ஆகும்? மாநிலச் சட்டத்தின் 252-வது அத்தியாயப்படி அது இரண்டாம் நிலைச் சிறு குற்றம். 60 நாள் வரை சிறை, 500 டாலர் வரை அபராதம் என்று ஏட்டில் இருக்கிறது. யாரும் விலங்கோடு வாசலில் வந்து நிற்கப் போவதில்லை. உண்மையான தண்டனை வேறு: காற்று மணிக்கு 40 மைல் அளவைத் தாண்டி நிலையாக வீசத் தொடங்கியதும் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் ஓடுவதை நிறுத்திவிடும். பிறகு அவசர உதவி எண் 911-ஐ அழைத்தால் போனை எடுப்பார்கள், ஆள் வரமாட்டார்கள்.

உத்தரவுக்காகக் காத்திருப்பதிலும் சிக்கல் இருக்கிறது. 2022-ல் இயன் சூறாவளி வந்தபோது தென்மேற்குப் புளோரிடாவின் லீ கவுண்டியில் உத்தரவு வந்தது செப்டம்பர் 27 காலையில். மறுநாள் பிற்பகல் புயல் கரையில் இருந்தது. தேசிய சூறாவளி மையம், புயல்காற்று தொடங்கக்கூடிய நேரத்துக்கு ஏறக்குறைய 48 மணி நேரம் முன்பு "கண்காணிப்பு" அறிவிப்பையும், 36 மணி நேரம் முன்பு "எச்சரிக்கை"யையும் வெளியிடும். வீட்டில் குழந்தையோ முதியவரோ இருந்தால் கண்காணிப்பு வந்ததுமே பெட்டியைக் கட்டுவது என் பழக்கம்.

எங்கே போவது? நம்மவர்களுக்கு உடனே அட்லாண்டாதான் நினைவுக்கு வருகிறது. தம்பாவிலிருந்து சுமார் 450 மைல். ஐ-75 நெடுஞ்சாலையின் ஓரத்தடத்தையும் திறந்துவிட்டாலும் நெரிசல் நெரிசல்தான், வழியில் பெட்ரோலும் தீர்ந்துவிடும். அவ்வளவு தூரம் தேவையே இல்லை. எந்த வெளியேற்ற மண்டலத்திலும் சேராத மேட்டுப்பகுதியில், 2002-ல் நடைமுறைக்கு வந்த கட்டட விதிப்படி கட்டிய நண்பர் வீடு 20 மைலில் இருந்தால் போதும். அவரிடம் மே மாதமே கேட்டு வையுங்கள். புயல் கிளம்பிய பிறகு கேட்டால் ஏற்கெனவே மூன்று குடும்பங்கள் அங்கே இருக்கும். மொபைல் ஹோமில் (ஆலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் இலகுவான வீடு) இருப்பவர்கள் மட்டும் தங்கள் எழுத்து என்ன என்று பார்க்காமல் கிளம்பிவிட வேண்டும்.

அரசு முகாம் இலவசம், பெரும்பாலும் பள்ளிக்கூடங்களில் இருக்கும். கட்டில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், போர்வையும் தலையணையும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். நாய், பூனையை எல்லா முகாமும் ஏற்பதில்லை. ஆக்சிஜன் போன்ற மின்கருவி உதவியோடு இருப்பவர்களுக்குத் தனி முகாம் உண்டு. அதற்குக் கவுண்டியின் சிறப்புத் தேவைப் பதிவேட்டில் முன்னதாகவே பெயர் கொடுத்திருக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று: உங்கள் கவுண்டிக்குச் சூறாவளி எச்சரிக்கையோ ஆளுநரின் அவசரநிலை அறிவிப்போ வந்துவிட்டால், சென்ற முறை மாத்திரை வாங்கிய தேதி எதுவானாலும் 30 நாள் மருந்தை முன்கூட்டியே வாங்கலாம், காப்பீட்டு நிறுவனம் மறுக்க முடியாது. ஆனால் ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் பெற்றோருக்கு இது உதவாது. என் அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைகள் மஞ்சள் துணிப்பையில், ரப்பர் பேண்டு போட்ட அட்டைகளாக இருந்தன. இங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றில் ஒன்றுகூடக் கிடைக்காது. ஆகவே காரில் முதலில் ஏறியது அந்தப் பைதான். பாஸ்போர்ட்டும் விசா தாள்களும் தண்ணீர் புகாத உறையில் அதற்கு அடுத்து.

பண விஷயம். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தாலும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும், புயலைப் பார்த்துவிட்டுச் சேர்ந்து பயனில்லை. வாடகை வீட்டுக்காரர்களும் தங்கள் பொருள்களுக்கு இதை எடுக்கலாம்.

கூட்டாட்சிப் பேரிடர் முகமையான ஃபீமாவின் பண உதவி, குடியரசுத் தலைவர் உங்கள் கவுண்டியைத் தனிநபர் உதவிக்காக அறிவித்தால் மட்டுமே கிடைக்கும். எச்-1பி வேலை விசா, மாணவர் விசாக்காரர்கள் தங்கள் பெயரில் அதைக் கேட்க முடியாது. கிரீன் கார்டு இருந்தால் கேட்கலாம். முகாம், உணவு, தண்ணீர் போன்ற உடனடி உதவிகளுக்கு இந்தத் தடை இல்லை. இங்கே பிறந்த குழந்தை உங்களோடு வசித்தால், அந்தக் குழந்தையின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வைத்து, அதன் சார்பில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு வந்த நாளிலிருந்து பொதுவாக 60 நாள் அவகாசம்.