கோயில் நகை செய்பவரே, புவிசார் குறியீட்டுப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா?

நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு என்பது அந்த ஊர் வடசேரிப் பட்டறைகளில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஊருக்குக் குறியீடு கிடைத்தால் அங்கே நகை செய்கிற ஒவ்வொருவருக்கும் அதைப் பயன்படுத்தும் உரிமை தானாக வந்துவிடாது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று அவரவர் பெயரைத் தனித்தனியாகப் பதிய வேண்டும். சட்டம் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதல் சிக்கல் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கைவினைப் பொருளைச் செய்பவர் மட்டுமல்ல, அதை வாங்கி விற்பவரும் 'உற்பத்தியாளர்' என்ற சொல்லில் அடக்கம். வெள்ளித் தகட்டில் கூடு கட்டி, கெம்புக் கல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, தங்க ரேக்கை (மெல்லிய தகட்டை) அழுத்தி, ராக்கொடி என்ற தலை நகையை முடிக்கும் ஆசாரி கூலியோடு வீட்டுக்குப் போகிறார். கையில் ஜிஎஸ்டி பில்லும் கணக்காளரும் வைத்திருக்கும் கடைக்காரர் பதிந்துகொள்கிறார். காலமெல்லாம் கல் பதித்த அண்ணாச்சி ஒருவரிடம், "நீங்க கூலிக்காரர்தானே, உங்களுக்கு எதுக்கு இது?" என்று ஒருவர் கேட்டதை நேரில் பார்த்தேன். அது தவறு. கையால் செய்பவர்தான் முதல் உற்பத்தியாளர். கூலிக்குச் செய்தாலும் விண்ணப்பிக்கலாம்.

அடுத்தது சம்மதக் கடிதம். "குறியீட்டை வாங்கிய அமைப்பு கையெழுத்துப் போடட்டும், சங்கத் தலைவர் போடட்டும்" என்று அலைய விடுவார்கள். கடிதம் இருந்தால் நல்லது, இல்லையென்றால் விண்ணப்பம் நின்றுவிடாது. விண்ணப்பத்தின் நகலைக் குறியீட்டின் பதிவு உரிமையாளருக்கு, அதாவது அதை வாங்கிய அமைப்புக்கு, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அனுப்பிய விவரத்தைப் புவிசார் குறியீட்டுப் பதிவகத்துக்குத் தெரிவியுங்கள். தபால் ரசீதைத் தொலைக்காதீர்கள். சங்கத்தில் உறுப்பினராக இருந்தால்தான் பதிய முடியும் என்று யாராவது சொன்னால், எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. படிவம் ஜிஐ-3, கட்டணம் வெறும் 10 ரூபாய். இதற்குப் போய் ஆயிரக்கணக்கில் வாங்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பம் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு வசதி. தமிழ்நாட்டு ஆசாரி தமிழ்நாட்டு அலுவலகத்தில் தமிழில் எழுதித் தர முடியாதது எந்த வகை நியாயமோ தெரியவில்லை. கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாரையாவது உட்கார வைத்து எழுதுங்கள், போதும்.

படிவத்தைவிட, நீங்கள் எப்படி உற்பத்தியாளர் என்று சொல்லும் அறிக்கைதான் முக்கியம். 'பரம்பரைத் தொழில்' என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். யாரிடம் கற்றீர்கள், பட்டறை எங்கே இருக்கிறது, என்னென்ன உருப்படி செய்கிறீர்கள், எந்த வேலை உங்கள் கையால் நடக்கிறது என்று வரிசையாக எழுதுங்கள். வேலை செய்யும்போது எடுத்த படங்களையும் சேருங்கள். ஜவுளி அமைச்சகம் தரும் கைவினைஞர் அடையாள அட்டை, பொற்கொல்லர் நல வாரிய அட்டை இருந்தால் நகல் வையுங்கள். கூலி வாங்கிய துண்டுச் சீட்டுகூட உதவும். அதனால் இன்றிலிருந்தே கூலிக்குச் சீட்டு கேளுங்கள். கொடுக்க மறுத்தால் ஜிபே வழியாகவாவது வாங்குங்கள். வங்கிக் கணக்கில் பதிவு நிற்கும்.

ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் தந்தை பெயரோடு வேறொரு பெயர் என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வீடு எங்கிருந்தாலும், பட்டறை குறியீட்டின் எல்லைக்குள் இருப்பதைக் காட்ட ஒரு ஆவணம் வேண்டும். வாடகைப் பட்டறை என்றால் ஒப்பந்தம் எழுதி வாங்குங்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் பதிவகத்தின் இதழில் வெளியாகும். யாரும் ஆட்சேபிக்காமல் அந்தக் காலக்கெடு தாண்டிய பிறகே பதிவு. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் அதற்குள் குறியீட்டின் பதிவே காலாவதியானால் உங்கள் பதிவும் அதோடு போய்விடும். ஆகவே விண்ணப்பிக்கும் முன் பதிவகத்தின் இணையதளத்தில் குறியீடு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த உரிமையைக் கடைக்காரருக்கு விற்கவோ எழுதிக் கொடுக்கவோ முடியாது. உங்களுக்குப் பிறகு வாரிசுக்குத்தான் போகும். "உங்க பேர்ல பதிஞ்சு என்கிட்ட குடுத்துடுங்க" என்று யாராவது முத்திரைத்தாள் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.