வங்கி ஏலத்தில் வீடு வாங்குவதற்கு முன்

வங்கி ஏல விளம்பரத்தில் சந்தை விலையைவிடப் பல லட்சம் குறைவாக ஒரு ஃபிளாட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வருபவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "டாக்குமென்ட் கிளியரா சார்?" என்றுதான். நல்ல கேள்விதான், ஆனால் அதற்கு முன்னால் கேட்கவேண்டியது அந்த வீட்டில் இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்பது.

விளம்பரத்தில் பொடி எழுத்தில் 'சிம்பாலிக் பொசஷன்', அதாவது காகிதத்தில் மட்டும் கைப்பற்றியது, என்று இருந்தால் உஷாராகுங்கள். வாராக்கடனுக்கு அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் 2002-ஆம் வருடத்து சர்ஃபாசி சட்டப்படி, கடன் வாங்கியவருக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, கெடு முடிந்ததும் கதவில் அறிவிப்பை ஒட்டி, பேப்பரிலும் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். உள்ளே அந்தக் குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கும். அவர்களை வெளியேற்ற வங்கி 14-ஆம் பிரிவின் கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ மனு போடவேண்டும். சட்டம் சொல்லும் கெடு 30 நாள், காரணம் எழுதிவைத்தால் மொத்தம் 60. நடைமுறையில் அது எங்கெங்கோ இழுக்கும், இதற்கிடையில் கடன் வாங்கியவரோ வாடகைக்கு இருப்பவரோ டிஆர்டிக்கு (கடன் மீட்புத் தீர்ப்பாயம்) போய் ஸ்டே வாங்கிவிட்டால் நீங்கள் இருக்கிற வீட்டுக்கு வாடகையும் வாங்கிய வீட்டுக்கு இஎம்ஐயும் கட்டிக்கொண்டு காத்திருக்கவேண்டியதுதான்.

அடுத்தது பணம். ஏலம் எடுத்த அன்றைக்கே, தப்பினால் அடுத்த வேலை நாளுக்குள், ஏலத்தில் கலந்துகொள்ள முன்கூட்டியே கட்டும் ஈஎம்டியையும் (முன்வைப்புத் தொகை) சேர்த்து விலையில் 25 சதவீதம் கட்டியாகவேண்டும். மீதி 75 சதவீதத்துக்கு, விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாள். வங்கி எழுத்துமூலம் சம்மதித்தால் மூன்று மாதம் வரை நீட்டலாம், சம்மதிக்கவேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. 'ஏலம் எடுத்துட்டு லோன் போட்டுக்கலாம்' என்று நினைப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், சுமார் 12 கோடிக்கு ஏலம் எடுத்தவர் மீதியைக் கட்ட முடியாமல் போக, அவர் கட்டியிருந்த 3 கோடிக்கும் மேற்பட்ட தொகை முழுவதையும் வங்கி எடுத்துக்கொண்டது செல்லும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே லோன் சாங்ஷன் கையில் இல்லாமல் ஈஎம்டி கட்டாதீர்கள்.

சொத்து வரி, இபி பாக்கி, அசோசியேஷன் மெயின்டெனன்ஸ் எல்லாம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும், 'உள்ளது உள்ளபடி' விற்பனை என்று நிபந்தனையிலேயே எழுதியிருப்பார்கள். வில்லங்கச் சான்றை வங்கி தருகிறது என்று விட்டுவிடாமல் நீங்களே போட்டுப் பாருங்கள். வீட்டின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத டிடிஎஸ் (விலையிலிருந்தே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பதும் உங்கள் வேலை.

என்னைக் கேட்டால், ஏலம் வரை போகாமல் வாங்க முடிகிறதா என்று முதலில் பார்ப்பேன். கடனில் தத்தளிக்கும் உரிமையாளரே நல்ல விலைக்கு விற்கத் தயாராக இருப்பார், ஏலத்தில் போவதைவிட அவருக்கும் நாலு காசு மிஞ்சும், சாவியையும் அவரே கொடுத்துவிடுவார். ஆனால் 60 நாள் நோட்டீஸ் வந்தபிறகு வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அவர் விற்க முடியாது. அதனால் அட்வான்ஸ் உட்பட எந்தப் பணத்தையும் அவர் கையில் கொடுக்காமல், வங்கியையும் உட்காரவைத்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, நேராகக் கடன் கணக்கில் செலுத்துங்கள். சர்ஃபாசி சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டால் கடனை அடைத்து வீட்டை மீட்கும் உரிமையை உரிமையாளர் இழந்துவிடுகிறார், எனவே முழுப் பாக்கியும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கவேண்டும்.